எம்மட்ராய்ட் வீட்டுக் கடைசிப் பெண்

கிளவ்ஹெட்டில் பாதிப் பேர் கிரீன்வுட், மீதிப் பேர் சட்க்ளிஃப். ஜெபக்கூடத்து வாசலில் நின்று "மிஸ்டர் கிரீன்வுட்" என்று ஒருவர் குரல் கொடுத்தால் தொப்பி போட்ட தலைகள் குறைந்தது இருபது திரும்பும். அதனால் அந்த யார்க்‌ஷயர் மலையூரில் குடும்பப் பெயரை யாரும் வாயில் எடுப்பதே இல்லை. அப்பன் பெயரை முன்னால் போட்டுக் கூப்பிடுவார்கள். அது போதாவிட்டால் பாட்டன் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். கரி வண்டி ஓட்டுகிறவர் டேன் மகன் வில்ஃப். மதுவிடுதி நடத்துகிறவள் ஜாப் பெண்டாட்டி செலினா. மேட்டுப் பண்ணையில் இரண்டு பசுக்களோடு தனியாக இருக்கிறவள் ஜோனஸ் மகள் தெர்ஸா.

தெர்ஸா கிரீன்வுட்டும் இல்லை, சட்க்ளிஃபும் இல்லை. அவள் எம்மட்ராய்ட். அந்தப் பெயருக்கு ஊரில் அவள் ஒருத்திதான். கூப்பிட்டால் திரும்ப வேறு தலை கிடையாது. ஆனாலும் ஊருக்கு ஒரு வழக்கம் என்றால் அது எல்லோருக்கும்தானே. பிறந்ததிலிருந்து ஐம்பத்து நான்கு வயதுவரை அவளும் ஜோனஸ் மகளாகவே இருந்துவிட்டாள். பாதிரியார்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறிப் போவார்கள். வந்தவர்களும் ஊர் எப்படிக் கூப்பிட்டதோ அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் பண்ணைக்குக்கூட ஊரில் ஜோனஸ் வீடு என்றுதான் பெயர். ஜோனஸ் செத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

யாரும் கூப்பிடாத அந்தப் பெயருக்காகத்தான் அவள் தன் வாழ்க்கையைக் கொடுத்திருந்தாள்.

அந்தப் பெயர் வந்த கதையை ஜோனஸ் தன் பிள்ளைகளுக்குப் பைபிள் கதைபோலச் சொல்லி வளர்த்தார். ராய்ட் என்றால் அந்தப் பக்கத்தில் காடு வெட்டித் திருத்திய நிலம். எம்மட் என்பது ஒரு பெண். கொள்ளைநோய் வந்த காலத்தில் புருஷனையும் பிள்ளைகளையும் ஒரே மாதத்தில் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நின்றவள். நிலப்பிரபுவின் ஆள் வந்து, மேட்டுக் காட்டில் நீ எவ்வளவு வெட்டுகிறாயோ அவ்வளவும் நீ உழுதுகொள் என்றான். தனிப்பெண் என்ன வெட்டிவிடப் போகிறாள் என்ற கேலி அவனுக்கு. அவள் கோடரியை எடுத்தாள். கல்லைப் பெயர்த்து வேலி கட்டினாள். சில வருஷத்தில் காட்டுக்கு நடுவே ஓட்ஸ் விளைந்தது. ஊர் அதற்கு எம்மட்டின் ராய்ட் என்று பெயர் வைத்தது. அறுவடைக்குக் கூலியாளாக ஒருவன் மலை தாண்டி வந்தான். வந்தவன் போகவில்லை, அவளையே கட்டிக்கொண்டான். அவனுடைய சொந்தப் பெயர் என்ன என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. நிலத்தின் பெயரால் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் பிள்ளைகளுக்கு அதுவே நின்றது.

"நம்ம பேரு ஒரு ஆம்பளகிட்டயிருந்து வரல. ஒரு பொம்பளையோட கோடரியிலயிருந்து வந்தது," என்பார் ஜோனஸ். சொல்லும்போது தெர்ஸாவைப் பார்க்க மாட்டார். மகன்கள் இருவரையும்தான் பார்ப்பார்.

அந்த மகன்களில் பெரியவன் தென்னாப்பிரிக்கச் சண்டைக்குப் போய் அங்கே காய்ச்சலில் போனான். சின்னவன் கல்குவாரியில் போனான். சின்னவனைப் புதைத்த வாரத்தில் ஜோனஸ் படுத்தார். அடுப்படிக் கட்டிலில் கிடந்துகொண்டு, மேலே கொடியில் காயும் ஓட்ஸ் ரொட்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மகளின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"உன்னைக் கட்டறவன் நம்ம பேரை எடுத்துக்கணும், தெர்ஸா. முதல்ல வந்தவனும் அப்படித்தான் எடுத்துக்கிட்டான். சரின்னு சொல்லு."

அவள் சரி என்றாள். இருபத்தைந்து வயது அப்போது. சாகக் கிடக்கிற அப்பனிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

அந்தச் சமயத்தில் அவள் டேன் மகன் வில்ஃபோடு இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தாள். ஞாயிறு ஜெபம் முடிந்ததும் ஓடைப் பாதையில் ஒரு முழ இடைவெளி விட்டு இரண்டு பேரும் போய்த் திரும்புவார்கள். அப்படி நடந்தாலே முக்கால் கல்யாணம் ஆன மாதிரி. வில்ஃப் சிரிக்க வைப்பான். அண்ணன் தம்பி போன வீட்டில் அவளைச் சிரிக்க வைத்த ஒரே ஆள் அவன்தான்.

விஷயத்தைச் சொன்னபோது வில்ஃப் முதலில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு, "பேருதானே? ஊர்ல இருக்கற கிரீன்வுட்ல ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?" என்று சிரித்தான். ஆனால் அவன் அப்பா டேன் சிரிக்கவில்லை.

"போ, தாராளமா போ. ஆனா திரும்பி வந்தா இந்த வீட்டுல உனக்கு நாற்காலி கிடையாது. பொண்டாட்டி பேருல ஒளிஞ்சுக்கிறவன் என் மகன் இல்ல," என்றார்.

மறுநாள் காலை குவாரிப் பையன்கள் வில்ஃபின் வண்டிக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை ஏப்ரனைக் கட்டி விட்டார்கள். தெரியாமலே அவன் ஊர் முழுக்க ஓட்டிப்போனான். ஆலை வாசலில் நெசவுக்காரிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். "ஏம்மா புதுப் பொண்ணு, மாப்பிள்ள தெர்ஸா சௌக்கியமா?" என்றாள் ஒருத்தி. அன்று சாயங்காலம் அவன் அந்த ஏப்ரனைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பண்ணைக்கு ஏறி வந்தான்.

"என்னால முடியல, தெர்ஸா."

"அப்ப என்னாலயும் முடியாது, வில்ஃப்."

அவ்வளவுதான் பேசினார்கள். உள்ளே கட்டிலிலிருந்து ஜோனஸ் இருமினார். வில்ஃப் இறங்கிப் போனான். அடுத்த வருஷம் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து மார்த்தா என்றொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். மூன்று பிள்ளைகள். கல்யாணத்தன்று ஜெபக்கூடத்தில் பின் வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் தெர்ஸா சத்தமாகப் பாடினாள். அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. அந்தக் குரல் உடைந்தது எங்கே என்று பசுக்களுக்குத்தான் தெரியும்.

ஜோனஸ் அதற்குப் பிறகும் ஆறேழு வருஷம் கிடந்துவிட்டுப் போனார். அவளைக் கட்ட வேறு யாரும் வரவில்லை. ஏப்ரன் கட்டின பையன்களில் பாதிப் பேரை ஜெர்மன் சண்டை பிரான்சு மண்ணில் புதைத்தது. ஊருக்குள் புது மருமகள்கள் வந்தார்கள். பழைய கதை தெரிந்தவர்கள் குறைந்தார்கள். எம்மட்ராய்ட் என்ற சொல்லை உரக்கக் கேட்டு தெர்ஸாவுக்கே வருஷங்கள் ஆகிவிட்டன. சில மாலைகளில் வேலியோரம் நின்று தானே ஒருதரம் சொல்லிப் பார்ப்பாள். காற்று வாங்கிக்கொண்டு போய்விடும்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் மார்த்தா மார்ச்சளியில் இறந்தாள். பிள்ளைகள் அதற்கு முன்பே தனிக்குடித்தனம் போயிருந்தார்கள். போன மாதம் கரி இறக்க வந்த வில்ஃப், மூட்டையைக் கொட்டிவிட்டுப் போகாமல் கொட்டகை வாசலிலேயே நின்றார். முன்தலை வழுக்கை. தோளில் கரி.

"இந்த ஊர்ல ரெண்டு பேருக்காக ரெண்டு புகைபோக்கி புகையுது, தெர்ஸா. கரி விக்கறவன் நான் சொல்லக்கூடாது. ஆனா நஷ்டமாத்தான் தெரியுது."

அவளுக்குப் புரிந்தது. புரியாததுபோல நின்றாள். அவர் பெயரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"பெந்தெகொஸ்தே பண்டிகைத் திங்கள், ஜெபக்கூடத்து ஊர்வலத்தன்னிக்குச் சொல்றேன்," என்றாள்.

"சரி. இத்தனை வருஷம் இருந்தாச்சு. ஒரு மாசத்துல எனக்கு இருக்கற நாலு முடியும் கொட்டிடாது."

அந்த ஒரு மாதமும் தெர்ஸா தூங்கினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. சரி என்று சொல்ல நெஞ்சு துடித்தது. காலையில் அடுப்பு மூட்டும்போது இன்னொரு ஆளின் இருமல் சத்தம் கேட்கும். சாப்பாட்டு மேஜையில் எதிர்ப்பக்கம் ஒரு முகம் இருக்கும். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஜெபக்கூடத்தில் பாதிரியார் முன் நின்று அவள் தெர்ஸா கிரீன்வுட் ஆகிற அந்த நொடியில் எம்மட்டின் கோடரி கடைசியாகக் கீழே விழும். அத்தனை நூறு வருஷம் வந்தது அவள் கையில் முடியும். இனிப் பிள்ளை பெறும் வயதில்லை, அவள் இறந்தால் எப்படியும் முடியத்தான் போகிறது. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சாவு முடித்து வைப்பது வேறு, தானே முடித்து வைப்பது வேறு என்று ஏதோ ஒன்று அவளுக்குள் அடம்பிடித்தது. ஊர்வலத்துக்கு முந்தின வியாழக்கிழமை பால் கறந்துகொண்டிருக்கும்போது முடிவு வந்துவிட்டது. மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் வில்ஃபின் வண்டி மேடேறி வரும் சத்தம் கேட்டது. கரி வரும் நாள் இல்லையே என்று வெளியே வந்தாள். வண்டியில் வில்ஃபின் பக்கத்தில், விலை உயர்ந்த மேல்கோட்டும் தங்கக் கம்பிக் கண்ணாடியும் போட்ட ஒரு மனிதர் கரி படாமல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவரை யாருன்னு கேளு," என்றார் வில்ஃப். "காலையிலயிருந்து ஊரைச் சுத்தியிருக்காரு. செலினாகிட்ட போய் எம்மட்ராய்ட் வீடு எதுன்னு கேட்டிருக்காரு. அவ, 'அப்படி ஒரு பேரே இந்த மலையில கிடையாது சார், நீங்க வேற பள்ளத்தாக்குக்கு வந்துட்டீங்க'ன்னு ஒரு கிளாஸ் பீரை ஊத்திக் குடுத்து ஸ்டேஷனுக்கு வழி சொல்லிட்டா."

"மூணு வீட்டுல கேட்டேன்ம்மா," என்றார் வந்தவர். அமெரிக்காக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. "ஒருத்தருக்கும் தெரியல. ரயிலுக்குப் போக இவரு வண்டியில ஏறினேன். யாரைத் தேடி வந்தீங்கன்னு கேட்டாரு. பேரைச் சொன்னதும் குதிரையை நிறுத்திட்டாரு."

தெர்ஸா வில்ஃபைப் பார்த்தாள். ஐம்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடின ஊருக்கு அவள் பெயர் தெரியவில்லை. அதை வேண்டாம் என்று சொன்ன ஒருவர்தான் ஞாபகம் வைத்திருந்தார்.

"நான் கால்வின் எம்மட்ராய்ட்," என்றார் அந்த மனிதர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு.

தெர்ஸா வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே கூட்டிப்போய் மூன்று கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். கால்வின் ஒரே மூச்சில் சொன்னார். அவருடைய கொள்ளுத்தாத்தா ஏபல், நெசவு வேலை தேடி மாசசூசெட்ஸ் போனவர்.

"ஏபல் போன கப்பல் முழுகிடுச்சுன்னுதானே எங்க வீட்டுல சொல்வாங்க," என்றாள் தெர்ஸா.

"அந்தக் கப்பலை அவரு தவற விட்டுட்டாராம். லிவர்பூல்ல குடிச்சிட்டுத் தூங்கிட்டாரு. குடும்பத்தையே காப்பாத்தின குடி அதுன்னு நாங்க சிரிப்போம். அடுத்த கப்பல்ல போனாரு. ஒன்பது பிள்ளைங்க. இப்ப நாங்க எல்லாரும் வருஷா வருஷம் ஜூலையில ஒரு ஆப்பிள் தோட்டத்துல கூடுவோம். போன தடவை நாப்பது பேருக்கு மேல. எல்லாரும் எம்மட்ராய்ட். எங்க ஊர்ல ஒரு தெருவுக்கே அந்தப் பேருதான். இங்க வேற யாரு இருக்காங்க?"

"நான் மட்டும்தான்."

"கல்யாணம் பண்ணிக்கலையா? நல்லவேளை," என்று கால்வின் வாஞ்சையோடு சிரித்தார். "பண்ணியிருந்தா இந்தப் பேருல உங்களைக் கண்டே பிடிச்சிருக்க முடியாது."

வில்ஃப் மடியில் இருந்த தொப்பியைப் பார்த்தபடி இருந்தார். கோப்பையைத் தொடவில்லை.

எம்மட் திருத்தின நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றார் கால்வின். தெர்ஸா வாசலில் நின்று மேல் வயலைக் கைகாட்டினாள். அவர் சின்னப் பிள்ளைபோலக் கல்வேலி தாண்டி ஏறிப் போனார். அடுப்படியில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

தெர்ஸாவின் நெஞ்சில் ஏதோ கட்டவிழ்ந்ததுபோல இருந்தது. நாற்பது பேர். ஒரு தெரு. ஆப்பிள் தோட்டத்தில் ஓடுகிற குழந்தைகள். எத்தனை வருஷமாக அவள் ஒருத்தியாகத் தாங்கி நின்ற கூரையை, கடலுக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டிருந்தார்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு, வில்ஃப்? இப்பவே சொல்றேன். சரி."

வில்ஃபின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அந்த நொடியில் அவர் இருபத்தேழு வயது வில்ஃபாக இருந்தார். பிறகு ஜன்னல் வழியே வயலில் நடக்கிற மனிதரைப் பார்த்தார்.

"அவரு வராம இருந்திருந்தா?"

"அதான் வந்துட்டாரே."

"வராம இருந்திருந்தா, திங்கக்கிழமை என்ன சொல்லியிருப்ப?"

ஒரு பொய் போதும். சின்னப் பொய். சொல்லியிருந்தால் கடவுளே மன்னித்திருப்பார். ஆனால் அவள் பெயரை அத்தனை காலம் மறக்காமல் வைத்திருந்தவரின் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பொய் வரவில்லை.

"மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"முடிவே பண்ணிட்டியா?"

"வியாழக்கிழமையே."

வில்ஃப் மெல்லத் தலையாட்டினார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"அன்னிக்கு உங்க அப்பா படுக்கையில கிடந்தாரு. நானும் பயந்தவன். உன்னைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனா இந்தத் தடவை நான் யோசிச்சுட்டுத்தான் வந்தேன், தெர்ஸா. எங்கப்பாவும் போயாச்சு, சிரிச்சவனுங்களும் போயாச்சு. நீ பேரைப் பத்திக் கேட்டா, சரி, நான் எம்மட்ராய்ட் ஆயிக்கிறேன், போதுமான்னு சொல்ல இருந்தேன். பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லி வச்சுட்டேன்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"நீ கேக்கவே இல்லையே," என்றார் அவர். "ஒரு வார்த்தை கேக்காம, பால் கறந்துக்கிட்டே என்னை முடிச்சு வச்சுட்ட."

"பால் கறந்துக்கிட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ எதையும் அங்க உக்காந்துதானே முடிவு பண்ணுவ." லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை அறுத்தது. "பேரு பேருன்னு நானும் இத்தனை வருஷம் நம்பிட்டேன். அது உன் வேலி, தெர்ஸா. நீ தனியா இருந்தே பழகிட்ட. யாராவது உள்ள வந்துடுவாங்களோன்னு உனக்குப் பயம்."

"இல்ல, வில்ஃப். அப்படி இல்ல."

"அப்படின்னா ஏன் கேக்கல?"

அவள் பதில் தேடினாள். மனசு முழுக்கத் துழாவினாள். அப்பாவின் கை அகப்பட்டது, எம்மட்டின் கோடரி அகப்பட்டது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் அகப்படவில்லை. ஒருவேளை அவர் சொன்னதுதான் உண்மையோ என்று நினைத்தபோது அவளுக்கே தன்மேல் பயம் வந்தது.

வில்ஃப் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "உன் சொந்தக்காரரை ரயிலேத்திவிடணும். ஆறு மணி வண்டியைப் பிடிக்கணும்."

"அடுத்த கரிக்கு வருவியா?"

"வராம? கரி கரிதானே."

வயலிலிருந்து கால்வின் முகமெல்லாம் சிவந்து இறங்கி வந்தார். கைக்குட்டையில் கொஞ்சம் மண் முடிந்திருந்தார். ஜூலையில் கட்டாயம் வர வேண்டும், எல்லோரும் உங்களைப் பார்த்தால் அழுதுவிடுவார்கள் என்று அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அவள் வருகிறேன் என்றாள். வண்டி இறங்கிப் போனது. திருப்பத்தில் கால்வின் திரும்பித் திரும்பிக் கையசைத்தார். வில்ஃபின் முதுகு மட்டும் தெரிந்தது.

கறவை நேரம். பசுக்கள் கொட்டகையிலிருந்து கூப்பிட்டன. அவள் உடனே போகவில்லை. உள்ளே வந்து மேஜையருகே உட்கார்ந்தாள். வில்ஃபின் கோப்பை தொடப்படாமல் இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது. அவருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை வேண்டும் என்று ஓடைப் பாதையில் நடந்த நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். இரண்டு கரண்டிதான் போட்டிருந்தாள். அவளுக்கு இனிப்பே ஆகாது. கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து, ஆறிப்போன அந்தத் தேநீரை மெதுவாக, கடைசி மடக்குவரை குடித்தாள்.